கித்தான் காய்ந்த நாள்

பரணில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். சுந்தரபாண்டி ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "எலி இல்ல மதினி. அண்ணன் டெண்டுதான் நாறுது" என்றான்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் ஆனியில் நமசிவாயம் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தான். ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய கூடாரத்தை குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம் அடித்து, மகள் வள்ளித்தாயோடு மூன்று பேருமாக ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. மூன்றாம் நாளே, உடனே திரும்பச் சொல்லிப் பட்டாளத்திலிருந்து தந்தி வந்துவிட்டது. கொட்டும் சாரலில் கூடாரத்தை நனைந்தபடியே சுருட்டிக்கொண்டு தென்காசிக்குத் திரும்பினார்கள். ரயிலேறும்போது, "வெயில் கண்டதும் விரிச்சுக் காயப்போட்டுரு. இல்லன்னா கித்தான் இத்துப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் மறந்துபோனாள்.

ஐப்பசியில் சீனாக்காரனோடு சண்டை மூண்டது. மார்கழியில், நமசிவாயத்தைக் காணவில்லை என்று காகிதம் வந்தது. பிடிபட்டுக் கிடந்தவர்களெல்லாம் வைகாசிக்குள் திரும்பினார்கள். அவர்களில் அவன் இல்லை. "காரியத்தைச் செஞ்சிருவமா தாயி?" என்று மாமனார் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் "ம்" என்றாள். சரி என்கிறாளா, காதில் விழுந்தது என்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்குமே விளங்கவில்லை. சோறு பொங்கினாள், வள்ளித்தாய்க்குத் தலை பின்னினாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. வாசலைப் பார்த்து உட்காரவுமில்லை.

"நம்ம இலஞ்சித் தோப்புக்குக் கொண்டுபோயிருவோம் தம்பி. நிக்க வச்சுக் காயவிட்டாத்தான் மடிப்புக்குள்ள ஈரம் தங்காது" என்றாள் கொழுந்தனிடம். இரண்டு மாதத்தில் அவள் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். சுந்தரபாண்டி மறுநாளே வண்டி பூட்டினான்.

தோப்பில் கூடாரத்தைப் பிரித்தபோது மடிப்புக்கு மடிப்பு கறுப்புப் புள்ளி பூத்திருந்தது. சுந்தரபாண்டிக்குக் கம்பை எங்கே நட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. "அந்தக் கயித்தை இன்னும் இழுங்க. முளையைச் சாய்ச்சு அடிங்க, நேரா அடிச்சாப் பிடுங்கிக்கிடும்" என்று அவள் நடுக்கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். போன வருஷமும் அவள்தான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை, கைதான் வலித்தது.

கூடாரம் நின்றது. தேங்காய் நாரை வாய்க்கால் தண்ணீரில் முக்கி, பூஞ்சையைத் தேய்த்துக் கழுவினாள். காய ஆரம்பித்த நேரத்தில் குற்றால மலையிலிருந்து சாரல் இறங்கி வந்து எல்லாவற்றையும் நனைத்துவிட்டுப் போனது. பிறகு வெயில். மறுபடியும் சாரல். கூட வந்திருந்த வள்ளித்தாய் கூடாரத்துக்குள் உட்கார்ந்து கூழாங்கல் விளையாடினாள்.

மூன்றாம் நாள்தான் வானம் வெளுத்தது. அன்று மத்தியானம் ஓர் ஆள் கம்பு ஊன்றி வரப்பில் வந்தான். குத்துக்கல்வலசை ஊர்க்காரன் சொரிமுத்து. பட்டாளத்தில் நமசிவாயத்தோடு ஒரே கம்பெனியில் இருந்தவன். பிடிபட்டுத் திரும்பி, பனியில் கெட்டுப்போன கால் விரல்களை எடுத்துவிட்டு, இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம்.

"வீட்டுக்குப் போனேன் மதினி. இங்கன இருக்கியன்னு சொன்னாக" என்றவன், கூடாரத்தின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அண்ணாச்சிக்கு இடுப்புல குண்டு பட்டுட்டு. ரெண்டு நாள் தூக்கிக்கிட்டு இறங்கினோம். மூணாம் நாள் விடியுதப்போ மூச்சு இல்ல. நானும் இன்னொருத்தனும் கல்லை அடுக்கி மூடினோம். ஆபீசர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். காகிதம் வரும். அதுக்கு முந்தி நானே வந்து சொல்லணும்னு பட்டுது."

சுந்தரபாண்டி தென்னைமரத்தில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தங்கபுஷ்பம் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏதும் சொன்னாகளா?"

"தண்ணி கேட்டாக. குடுத்தேன்."

"குடிச்சாகளா?"

"குடிச்சாக மதினி."

அவள் தலையை ஆட்டினாள். "டெண்டெல்லாம் இருந்துச்சா அங்க?"

"மேல இருந்துச்சு. இறங்கச் சொல்லி உத்தரவு வந்ததும் பிரிக்க நேரமில்ல. அடிச்சது அடிச்சபடி விட்டுட்டு வந்துட்டோம்."

தூக்குவாளியைத் திறந்து அவனுக்குப் புளிச்சோறு எடுத்து வைத்தாள். அவன் வேண்டாம் என்றான். "நடந்து வந்திருக்கியள்ல" என்றாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அருகிலேயே நின்றாள்.

வெயில் சாயும் நேரத்தில் தையலோரங்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. முளைகளைப் பிடுங்கி மண்ணைத் தட்டிச் சாக்கில் போட்டாள். கித்தானை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். சுந்தரபாண்டி எழுந்திருக்கும் நிலையில் இல்லை. சொரிமுத்து கம்பைக் கீழே போட்டுவிட்டு எதிர் முனைகளை எடுத்தான். இருவரும் இழுத்துப் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். பட்டாளத்து மடிப்பு அவனுக்குக் கைப்பழக்கம். முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, சுருட்டி, இரண்டு கட்டுப் போட்டாள்.

வண்டி தென்காசிக்குள் நுழையும்போது, "மாமாவை நாள் பாக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

ஆவணியில் காரியம் நடந்தது. அன்றும் அவள் அழவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதுவும் அவள் காதில் விழுந்தது.

கார்த்திகையில் ஒருநாள் தையல்காரர் மசூது வாசலில் வந்து நின்றார். உடம்புக்கு முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் கடையநல்லூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு, அந்த வாரம்தான் கடையைத் திறந்திருந்தார். ஊர்ச்சேதி எதுவும் அவருக்குத் தெரியாது. வெளி வெயிலில் நின்ற அவருக்கு, உள்ளே இருட்டில் நின்றவளின் வெறும் நெற்றியும் தெரியவில்லை. கையில் காகிதத்தில் சுற்றிய கால்சட்டை ஒன்று இருந்தது.

"போன லீவுல நமசிவாயம் தம்பி தைக்கக் குடுத்தது தாயி. ரொம்பச் சுணங்கிப்போச்சு. கால் நீளம் சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொல்லும்மா" என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். "சொல்லுதேன்" என்றாள். அவர் தெருமுனை திரும்பியபின் கதவைச் சாத்தி, நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்துக் கருகும் வாசனை வந்தும் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த வள்ளித்தாய், அம்மா அழுது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.