தெருமுனையில் ஒரு ஹாரன்

1

இந்தக் கதை நான் போனில் பேசிய ஒரு பேச்சிலிருந்து வந்தது. அதைச் சொல்லாமல் தொடங்கத்தான் இத்தனை நாள் முயன்றேன்.

'தூத்துக்குடியில் பாஸ்கல் என்றொரு முதியவர்—' (வேண்டாம். என் மாமனாரை யாரோ ஒருவராக்குகிறேன்.)

'மூத்தோர் மின்வண்டி வாங்க அரசு மானியம் தந்த ஆண்டில்—' (இது செய்திக் குறிப்பு.)

2

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து, மொபட்டை மிதித்துக் கிளப்ப முடியாமல் போனதும் மீன் ஏலம் பார்க்கப் போவது நின்றது. மானியத்தில் மின்வண்டி வந்தது.* பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

"ஏலே பாஸ்கல், வண்டி ஓடுதா நிக்குதா? சத்தத்தையே காணோம்" என்றார் எதிர்வீட்டு ஜெஸ்டின்.

"மரமெல்லாம் பின்னால போவுது. அப்போ ஓடுதுன்னுதான் நினைக்கேன்."

*மானியத்தைத் தேடிப் பிடித்தது நான். "அரசாங்கம் கிழவன நினைச்சிருக்கு பாரு" என்று மாமா பெருமைப்பட்டார்.

3

பழைய மொபட் தெருமுனையிலேயே இருமும். அது கேட்டதும் வீட்டில் பேச்சை மாற்றிவிடுவோம். பல வருடப் பழக்கம். புதிய வண்டி இருமாது என்பதை மறந்து, அன்று சாயங்காலம் அத்தை முற்றத்தில் நின்று போனில்—

இல்லை. இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். எல்லா வரைவிலும் அத்தைதான் பேசினார். பாவம், அவர் அப்போது கோவிலில் இருந்தார். பேசியது நான், கப்பலில் இருக்கும் என் கணவரிடம்.

"மானியம் கிடைக்குன்னுதான மாமா பேர்ல எடுத்தோம்? அவுக ரெண்டு மாசத்துல அலுத்துருவாவ. பெறகு நான் ஸ்கூலுக்கு ஓட்டிக்கிடுதேன்."

திரும்பினேன். கேட்டுக்கு உள்ளே, வண்டிமேல் மாமா. ஹேண்டில்பாரில் தொங்கிய பையில் எனக்குப் பிடித்த ஊளி மீன்.

"வெலை கொறைவா இருந்துச்சு மக்கா" என்றார். பையைக் கழற்றி நீட்டினார்.

4

ஒரு முடிவு: அவர் சாவியை என் கையில் தருகிறார். (நான் அழுது, மன்னிப்புக் கேட்டு, கதையை முடித்துவிடலாம். எனக்கு வசதியான முடிவு.)

இன்னொன்று: அவருக்குக் காதில் விழவே இல்லை. (கிரேன் உச்சியில் இருந்தபடி, கீழே நிற்பவர்கள் கத்துவதைக் கேட்டுப் பழகிய காது. விழாமலா இருக்கும்?)

நடந்தது இது: மறுநாளிலிருந்து தெருமுனையிலேயே ஹாரன் அடிக்கிறார். நீளமாக, ஒரே ஒரு முறை.

"யாருக்குலே அடிக்க? தெருவுல நாய்கூட இல்ல" என்று ஜெஸ்டின் கேட்டது என் காதில் விழுந்தது.

"வீட்டுல பிள்ளைக பேசிக்கிட்டு இருக்கும்லா" என்றார் மாமா.

5

இதோ, ஹாரன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். பேச யாருமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அடிக்கிறார்.

கேட்டைத் திறந்து தினமும் "வாங்க மாமா" என்கிறேன். அதற்கு அடுத்த வரி என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். மின்வண்டிக்குச் சத்தமில்லை; எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் என்பது இனிமேல் கேட்காது.