பிரஷ்ஷுக்குள் கோவில்பட்டி

டயருக்குப் பாலிஷ் போடும் பிரஷ்ஷைச் சரியாகக் கழுவாமல் அடுத்த காருக்குப் போட்டால், அந்தக் கார் முந்தைய காரின் வீட்டுக்குத்தான் போகும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரி. பாலிஷ், டயரில் இருக்கும் வழிகளைக் கரைத்து பிரஷ்ஷின் முடியில் ஏற்றிவிடும். காய்ந்து கெட்டியாகிவிட்டால் அது லேசில் போகாது.

நான் தூத்துக்குடியில் எட்டயபுரம் சாலையில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறேன். பெயர் தளவாய். கடையில் பாதிப் பங்கு பவுலின் அக்காவுடையது. அவர் முன்பு பியூட்டி பார்லர் நடத்தியவர். இன்றும் நகப்பூச்சு இல்லாமல் கடைக்கு வரமாட்டார். வந்தால் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

மற்ற கடைகளில் பிரஷ்ஷை வாளியில் முக்கி, தரையில் நாலு தட்டுத் தட்டி, வெயிலில் நிறுத்தி வைப்பார்கள். பவுலின் அக்கா வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பிரஷ்ஷை உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, சீப்பால் வாரி, நுரை வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். பிறகு நன்றாக உதறி, முடி கீழே பார்க்கும்படி கொடியில் மாட்டுவார். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கிக் கட்டை ஊறிவிடும். எங்களிடம் பாலிஷ் போட்ட எந்தக் காரும் அடுத்தவர் வீட்டுக்குப் போனதில்லை. அவர் பிரஷ் கழுவும்போது நான் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஒரு நாள் காலையில் நான்கு பேர் ஒரு வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்டியரிங்கில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ஜெனோவா என்று சொன்னாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிரஷ் இருந்தது.

“என்ஜினைப் போட்டா கோவில்பட்டிக்குப் போயிருது அண்ணாச்சி. அதான் தள்ளிக்கிட்டு வந்தோம்” என்றாள். “போன மாசம் பைபாஸ்ல ஒரு கடையில பாலிஷ் போட்டேன். எனக்கு முன்னால கோவில்பட்டி வண்டி ஒண்ணுக்குப் போட்டிருக்காங்க. மறுநாளே பிரஷ்ஷைக் கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன்.”

“இப்ப எங்க போகணும்?”

“வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. மத்தியானம் வந்து இறங்குதாரு. அவர் போகும்போது எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நானே ஓட்டிட்டு வந்து கூப்பிடுதேன்னு போன்ல சொல்லியிருக்கேன். மூணு வருசமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அவள் வேறு வண்டி பிடித்துப் போகலாமே என்று நாங்கள் சொல்லவில்லை. அது சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

பவுலின் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரஷ்ஷின் முடியை விலக்கிப் பார்த்தார். ரேடியோவை நிறுத்தினார். அவர் ரேடியோவை நிறுத்தி நான் அதுவரை பார்த்ததில்லை.

“இதுல ரெண்டு வீடு இருக்கு. நுனியில உன் வீடு. அடியில கோவில்பட்டி.”

“மொத்தமாக் கழுவிருங்கக்கா.”

“கழுவலாம். அப்புறம் வண்டிக்கு எந்த ஊரும் தெரியாது. ஷோரூம்ல நிக்கிற வண்டி மாதிரி நிக்கும். பழகி வர மாசக்கணக்கா ஆகும். நுனியைத் தொடாம அடியை மட்டும் எடுக்கணும். அப்பத்தான் ஸ்டியரிங் சொன்னபடி கேக்கும்.”

எனக்குத் தெரிந்து யாரும் அப்படிக் கழுவியதில்லை. தண்ணீர் எப்போதும் நுனியைத்தான் முதலில் தொடும். பவுலின் அக்கா தன் பழைய பார்லர் பெட்டியைத் திறந்தார். பிரஷ்ஷின் நுனிகளைச் சிறு சிறு கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெள்ளித்தாளில் மடித்தார். நரைத்த தலைக்கு வேரில் மட்டும் சாயம் போடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். பிறகு ஈர்க்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, வெந்நீர்ச் சோப்பில் தொட்டு, வகிடு எடுத்து வகிடு எடுத்து அடிமுடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அதற்குள் காரின் டயர்களைச் சோப்பு போட்டு, பழைய பாலிஷ் போகும்வரை தேய்த்தேன்.

பிரஷ்ஷிலிருந்து கறுப்பாகக் கூழ் மாதிரி வந்தது. முதலில் ஒரு மேம்பாலம் வந்தது. பிறகு ரயில்வே கேட். அதன் பிறகு வேர்க்கடலை வறுக்கும் வாசனையுடன் ஒரு நீளமான தெரு. எல்லாம் வாளியில் விழுந்து, அங்கிருந்து சாக்கடைக்குப் போயின. சாக்கடையில் கால் வைத்த ஓர் ஆடு கோவில்பட்டிப் பக்கம் நடக்கத் தொடங்கியது. அதைப் பிடிக்க ஆட்டுக்காரர் பஸ் ஏறினார்.

பவுலின் அக்கா ஒவ்வொரு வகிட்டுக்கும் புதுப் பஞ்சு எடுத்தார். ஒரு சொட்டு நுனிப்பக்கம் ஓடப் பார்த்தபோது நகத்தால் தடுத்தார். நகப்பூச்சு பெயர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

கடைசி வகிட்டில் கை நின்றது.

“கோவில்பட்டி வீட்டு வாசல் மட்டும் வரமாட்டேங்குது” என்றார். இன்னும் கொஞ்சம் வெந்நீர் தொட்டுத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக ஜெனோவாவைப் பார்த்தார். “ஏம்மா, அந்த வீட்டுல யாரு இருக்கா?”

ஜெனோவா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“சண்முகத்தாய்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரரும் இருக்காரு. முதல் தடவை வண்டி அவங்க வாசல்ல போய் நின்னப்ப, இறங்கி வாம்மா, சாப்பிட்டியான்னு கேட்டாங்க. திரும்பி வரும்போது அவர்தான் தன் கார்ல கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்து விடுவாரு. அப்புறம்...” அவள் துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டினாள். “ரெண்டு தடவை வண்டி தானாப் போச்சு. மத்த தடவையெல்லாம் நானேதான் போனேன். வீட்டுல தனியா உக்காந்து சாப்பிடுததுக்கு...”

“அதான் வரமாட்டேங்குது.”

“இப்ப என்னக்கா செய்ய? விமானம் வந்திரும்.”

பவுலின் அக்கா ஈர்க்குச்சியைக் கீழே வைத்தார். “வாசல் இருக்கட்டும். வழி முழுக்க எடுத்தாச்சு. வழியில்லாத வாசல் வண்டியை இழுக்காது.”

“அப்புறம் நான் அவங்க வீட்டுக்குப் போகணும்னா?”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சு, ரோட்டுல நிக்கிறவங்ககிட்ட வழி கேட்டுப் போ. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ.”

ஜெனோவா முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

முடி உலர்த்தும் இயந்திரத்தில் சூடில்லாத காற்றை வைத்து, பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து பவுலின் அக்கா உலர்த்தினார். வெள்ளித்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நுனிகள் பளபளவென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தன. அதில் துளிப் பாலிஷை விட்டு நான்கு டயர்களுக்கும் அவரே போட்டார். என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெனோவா என்ஜினைப் போட்டாள். கார் கடையை விட்டு இறங்கி, சாலை முனையில் நின்றது. வலப்பக்கம் கோவில்பட்டி. கார் அந்தப் பக்கமாகச் சற்றே முகத்தைத் திருப்பியது. நான் ஓரடி முன்னால் போனேன். பவுலின் அக்கா கொடியில் ஈரத்துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கார் இண்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் திரும்பி, விமான நிலையத்துக்குப் போனது.

“போயிருச்சு” என்றேன்.

“போகாம?” என்றார் பவுலின் அக்கா. ரேடியோவைப் போட்டார்.

சாயங்காலம் அந்த வெள்ளைக் கார் மறுபடியும் வந்தது. ஜெனோவாதான் ஓட்டி வந்தாள். முன் சீட்டில் அவள் கணவர் கிளாரன்ஸ். ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்தவர். இறங்கி வந்து பவுலின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெளிய வந்து பாக்கேன், ஸ்டியரிங்ல இவ உக்காந்திருக்கா. பெட்டியைக் கீழ போட்டுட்டேன். ஏறினதுலேருந்து ரோட்டைப் பாக்கல, இவ கியர் போடுததையே பாத்துக்கிட்டு வாறேன். எங்க கேப்டன்கூட இப்படித் திருப்ப மாட்டாரு.”

ஜெனோவா சிரித்தாள். “ஞாயித்துக்கிழமை கோவில்பட்டிக்குப் போறோம் அக்கா. இவரையும் கூட்டிட்டு வாறேன்னு சண்முகத்தாயம்மாட்ட போன்ல சொல்லிட்டேன்.”

பவுலின் அக்கா பெயர்ந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே, “போயிட்டு வா. இனி பிரஷ்ஷை எங்கிட்ட மட்டும் கழுவக் குடு” என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பின் சீட்டைப் பார்த்தேன். அங்கே ஓர் அலை சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. இடுப்பளவு உயரம் இருக்கும். உச்சியில் கொஞ்சம் நுரை.

“ஏடன் தாண்டினதுலேருந்து கப்பல் கூடவே வந்திச்சு” என்றார் கிளாரன்ஸ். “விட்டுட்டு வர மனசு வரல. விமானத்துல ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன்.”

“டீ குடிக்குமா?” என்று கேட்டார் பவுலின் அக்கா.

“குடிக்கும். சீனி ஆகாது.”

பவுலின் அக்கா எதிர்க்கடைப் பக்கம் கையைத் தூக்கி, ஐந்து டீ போடச் சொன்னார். ஒன்றில் உப்பு.