திருப்பிக் கொடுத்த கணினி

1998 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை குணவதி வேலைக்குப் போகவில்லை. கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் இருந்த தொழிற்சாலைக்குப் போக அவள் தினமும் ஏறும் ஃபெரி படகு அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போனது. பதினொரு வயது மகள் சந்திரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.

புகாரை எழுதிக்கொண்டவர் இன்ஸ்பெக்டர் கனகேஸ்வரி. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். வீட்டில் மற்ற எல்லாரும் ஆசிரியர், எழுத்தர் என்று போக, இவர் மட்டும் போலீசில் சேர்ந்தார். பதினாறு வருட வேலையில் அடிதடி, திருட்டு, வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகள் என்று எவ்வளவோ பார்த்தாகிவிட்டது. இப்படி ஒரு புகார் அவருக்கு முதல்தடவை.

டத்தோ கிராமாட் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் ஜெயராஜ் என்பவன் கணினி வகுப்பு நடத்தி வந்தான். இனிமேல் கணினி தெரியாத பிள்ளைக்கு வேலை கிடைக்காது என்று எல்லாரும் சொன்னதால் குணவதியும் மகளைச் சேர்த்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் சில பிள்ளைகளை மட்டும் அவன் நிறுத்திவைப்பான். கணினியின் மேல் ஒரு சின்னக் கேமரா இருந்தது. அதில் எடுக்கக் கூடாத படங்களை எடுத்தான். வெளிநாட்டில் இருக்கும் கூட்டாளிகளுக்கு டெலிபோன் கம்பி வழியாக அனுப்புவதாக அவனே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். இதையெல்லாம் சந்திரிகா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கனகேஸ்வரி அவளிடம் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்கவில்லை.

அன்று மதியமே ஜெயராஜைப் பிடித்து, கணினியையும் எடுத்து வந்தார்கள். அவன் பயந்ததாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஜாமீனில் வெளியே போனான்.

கணினியைச் சோதிக்கக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: படங்கள் அழிக்கப்பட்டிருக்கின்றன, மீட்க முடியவில்லை. அவன் யாருக்கு என்ன அனுப்பினான் என்ற விவரம் இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்திடம் இருந்திருக்க வேண்டும். கனகேஸ்வரி கடிதம் எழுதினார். எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு ஒரு வழி தேடிப் பிடித்து மறுபடி எழுதியபோது, பதிவுகளை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று பதில் வந்தது.

சந்திரிகா பெயர் சொன்ன மற்ற இரண்டு பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் போனார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. இன்னொரு வீட்டில் அந்தத் தாய், தன் மகள் அந்த வகுப்புக்குப் போனதே இல்லை என்று சாதித்தாள். அவள் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த சுவருக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது.

கோப்பைப் படித்த அரசு வழக்கறிஞர் அர்ஜுனன் கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“சின்னப் பிள்ளை சொல்றது மட்டும் போதாது மேடம். கூட வேற சாட்சி வேணும், சட்டம் அப்படித்தான் இருக்கு. படம் கையில இருந்தா ஆபாசப் பொருள்னு ஒரு சார்ஜ் போடலாம். படமே இல்ல.”

“நடந்ததுன்னு உங்களுக்கும் தெரியும் இல்ல?”

“தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?”

வழக்குப் போடவில்லை. அக்டோபரில், எடுத்த பொருளை உரியவரிடம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கனகேஸ்வரி இரண்டு வாரம் தள்ளிப்போட்டுப் பார்த்தார். ஜெயராஜ் நேரில் வந்துவிட்டான். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். ரசீதில் அவன் கையெழுத்துப் போட, கனகேஸ்வரி பெட்டியைக் கவுண்டரின் மேல் தள்ளினார். பெட்டி கனமாக இருந்ததால் காருக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு கான்ஸ்டபிள் உதவினான். பழக்கத்தில் செய்த உதவிதான். ஆனாலும் கனகேஸ்வரி அந்தக் கான்ஸ்டபிளோடு பிறகு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று மாலையே குணவதி குடியிருந்த ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போய் அவளிடம் நடந்ததைச் சொன்னார். குணவதி அழவில்லை, ஏசவும் இல்லை. தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே கேட்டாள்:

“அப்போ என் பிள்ளையோட படம் இப்போ எங்க இருக்கு அக்கா?”

“தெரியாதும்மா.”

“எத்தனை பேரு வச்சிருக்காங்கன்னும் தெரியாதா?”

அதுவும் தெரியாது என்று கனகேஸ்வரி தலையை ஆட்டினார். குணவதி சமையலறைக்குள் போய்விட்டாள். சந்திரிகா தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது காதில் விழுந்ததா இல்லையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கனகேஸ்வரி மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். பிள்ளைகளின் இப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றமாக வேண்டும், இணைய நிறுவனங்கள் பதிவுகளை வைத்திருந்து கேட்டதும் கொடுக்க வேண்டும், பிள்ளையின் சொல்லை நீதிமன்றம் தனியாகவே ஏற்க வேண்டும் என்று மூன்று பக்கம். கவனத்தில் கொள்ளப்படும் என்று ஒருவரிப் பதில் வந்தது.

டிசம்பரில் ஜெயராஜ் அக்கரையில் நிபோங் திபாலில் புது வகுப்புத் திறந்திருப்பது தெரிந்தது. ஒரு சனிக்கிழமை கனகேஸ்வரி புடவை கட்டிக்கொண்டு ஃபெரி ஏறிப் போனார். வகுப்பு வாசலில் பிள்ளைகளை விட வந்த பெற்றோரிடம் ஒவ்வொருவராகப் போய், நான் போலீஸ், உங்கள் பிள்ளையை இங்கே விடாதீர்கள் என்றார். காரணம் கேட்டவர்களிடம் சொல்லக் கூடியதை மட்டும் சொன்னார். சிலர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஓர் அப்பா, “நிரூபிச்சிட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றதும் மகளை உள்ளே அனுப்பினார்.

ஜெயராஜ் கனகேஸ்வரி மேல் புகார் கொடுத்தான். விசாரணையில் கனகேஸ்வரி எதையும் மறுக்கவில்லை. அவரைப் பழைய கோப்புகள் வைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் குறைந்துபோய் அந்த வகுப்பும் இரண்டு மாதத்தில் மூடப்பட்டது. அவன் கணினியோடு வேறு ஊருக்குப் போனான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் சந்திரிகாவின் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களை வைத்து வகுப்புப் படம் எடுத்தார்கள். முந்தின வாரமே தேதி சொல்லியிருந்தார்கள். அன்று காலை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. குணவதி காரணம் கேட்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.