பாதியா, முழுதா

...பாதிதான் ஏற்றினோமா, இல்லை முழுதுமா, ரேஷ்மி தன் கையையே பார்த்தாள், கைக்கு என்ன தெரியும், ஊசி தொட்டிக்குள் மற்ற ஊசிகளோடு கிடக்கிறது, எது எதென்று யார் சொல்வது... மேசையில் ஆட்டுக்குட்டி அசையாமல் படுத்திருக்கிறது, நேற்றுப் பிறந்தது, தாய் ஆடு மிதித்துக் கால் ஒடிந்து காலையில் கொண்டுவந்தார்கள், கட்டுப்போட மயக்க மருந்து கொடுத்தாள், கட்டும் போட்டாயிற்று, மதியமும் ஆயிற்று, குட்டி எழவில்லை. இதே மருந்துதான் அதற்கு முன்னால் வந்த அல்சேஷனுக்கும், அது எப்போதோ எழுந்து கழக்கூட்டம் ரோட்டைப் பார்த்துக் குரைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டது. எடைக்குத் தக்க அளவு, அதில் பிழையில்லை, ஆனால் குட்டி என்றால் வெறும் சின்ன ஆடு இல்லையே, எத்தனை தடவை படித்தது, வளர்ந்த மிருகத்தின் ஈரல் மருந்தை உடைத்து வெளியே தள்ளிவிடும், புதிதாய்ப் பிறந்ததன் ஈரலுக்கு அந்த வேலை இன்னும் பழகவில்லை, உள்ளே போனது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்... அதனால் பாதி போதும் என்று நினைத்தாள், நினைத்தது ஞாபகம் இருக்கிறது, செய்தது ஞாபகம் இல்லை, அது எப்படி?

“டாக்டரே, இது எப்பம் எழும்பும்?” எலிசாள் கேட்டாள், குட்டியின் சொந்தக்காரி, முந்தானையால் அதன் முதுகைப் போர்த்திக்கொண்டே. “தள்ள ஆடு அங்க கெடந்து கத்துகு. மடியில பால் கட்டிப் போச்சு.” எழும்பும் அம்மா, சூடு மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்று வெந்நீர்ப் பாட்டிலை மாற்றி வைத்தாள் ரேஷ்மி, கூட வேலை பார்க்கும் டாக்டர் அபிலாஷ் மயக்கத்துக்கு முறிமருந்து தேடிப் போயிருக்கிறார், இன்னும் காணோம்... பால் என்றதும் அவளுக்கும் மார்பு கனத்தது. வீட்டில் மகள், இரண்டு மாதம் நிறையவில்லை, காலையில் பால் குடித்தவள் அப்படியே உறங்கிவிட்டாள், ஒருநாளும் அப்படி உறங்கியதில்லை, இரவெல்லாம் அழுது இவளையும் உறங்கவிடாதவள், என்ன சமர்த்து என்று நெற்றியில் முத்தமிட்டுவிட்டு வந்தாள். அதற்கு முன்னால்... மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது, சளிக்கு ஒரு மாத்திரை போட்டாள், தூக்கம் வரவழைக்கிற வகை, அவளுக்கே இன்னும் தலை பஞ்சாக இருக்கிறது, அது பாலில் போகுமா, கொஞ்சம் போகும், கொஞ்சம் என்றால் யாருக்குக் கொஞ்சம்? ஆட்டுக்கு யோசித்தவள் தன் பிள்ளைக்கு ஏன் யோசிக்கவில்லை, இல்லை, ஆட்டுக்கு மட்டும்தான் யோசித்தாளா, பிள்ளைக்கும் யோசித்துவிட்டுத்தான் மாத்திரையைப் போட்டாளா?

போனை எடுத்தாள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணவன் பத்மகுமாரின் குரல் தணிந்து வந்தது. “நல்லா ஒறங்குகா, எதுக்கு எழுப்பணும்? நான் மீட்டிங்ல இருக்கேன், பின்ன விளிக்கேன், கேட்டியா.”

“வைக்காதீங்க, அவள எழுப்புங்க.”

“ஒனக்கு என்ன பிராந்தா?”

“எழுப்புங்கன்னு சொல்லுகேன்லா!” நாற்காலி நகரும் ஓசை, பிறகு ஒன்றுமில்லை. பிள்ளையின் பெயரை அவன் ஒருமுறை சொன்னான், இன்னொரு முறை, இரண்டாவது முறை குரல் வேறாக இருந்தது... அப்போது எலிசாள் கத்தினாள், “டாக்டரே, பாருங்க!” குட்டி தலையைத் தூக்கி, மேசை விளிம்பில் தாடையை இடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் கத்தியது, எலிசாள் அதன் வாயிலேயே முத்தமிட்டாள். அப்படியானால் பாதிதான் ஏற்றியிருக்கிறாள், அல்லது முழுதும் ஏற்றி, குட்டிதான் எப்படியோ தாங்கிக்கொண்டதா, இனி அது தெரியவே போவதில்லை. ரேஷ்மியின் கண் நிறைந்தது. காதில் இன்னும் போன், “கால பிடிச்சு ஆட்டுகேன், கண்ணு தொறக்கல்ல...” என்கிறான் அவன், பிறகு ஒரு சிணுங்கல், பிறகு வீறிட்ட அழுகை, நிற்காத அழுகை, “இந்தா, போதுமா? இனி யாரு ஒறக்குவா?”

போதும், கடவுளே, போதும் என்று சுவரில் சாய்ந்தாள். ஆனால் அந்த அழுகை காதில் விழுந்த கணத்தில், அந்த முதல் கணத்தில், மனசு சொன்னது போதும் என்றல்ல... ஐயோ, எழுந்துவிட்டாளே, என்றுதான்.