மச்சான் வீட்டு மீன்கொத்தி

பல் டாக்டருக்குப் பறவைகள் என்றால் உயிர். அதாவது, அவை செத்து இருநூறு வருஷமாகி, காகிதத்தில் அச்சாகி, எவனோ ஒருவன் தூரிகையால் பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டியிருந்தால். ஜன்னலில் வந்து உட்காரும் உயிருள்ள புறாவைச் செய்தித்தாளைச் சுருட்டி விரட்டிவிடுவார்.

ஒரே வரிசையில் வெளியான பன்னிரண்டு படங்களில் மீன்கொத்தி மட்டும் அவரிடம் இல்லை. ஏலக்கடை ஏலக்கடையாக அலைந்தும் சிக்காத அந்த மகாராணி, மனைவி கைப்பேசியில் காட்டிய போட்டோவில் தரிசனம் தந்தாள். மச்சான் வீட்டில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்!

மனைவியின் தம்பியோடு டாக்டர் பேசி வருஷக்கணக்காகிறது. "அவன் வாசப்படிய மிதிச்சா நான் மனுஷனே இல்ல" என்று சூளுரைத்திருந்தார். போட்டோவைப் பார்த்த அன்று மாலையே மிதித்தார்.

"சொந்தம் விட்டுப்போகலாமா?" என்றவரின் நெற்றியை மனைவி தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

கதவைத் திறந்த மச்சான் கட்டிப்பிடித்து அழுதான். டாக்டரும் அழுதார். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, படம் அசல்தான் என்று உறுதிசெய்துகொண்டே அழுதார்.

"அந்தப் படம் நல்லாருக்கே மாப்ள" என்றார், போகிற போக்கில் சொல்வதுபோல.

"அதுவா? வீடு வாங்கினப்பவே இங்க கெடந்துச்சு. உங்களுக்கு இல்லாததா அத்தான்? இப்ப வேணாம், ஒரே அழுக்கு. ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வரேன்."

அந்த வாரம் டாக்டர் தரையில் நடக்கவில்லை. ஒரு அம்மாளின் நல்ல பல்லில் இடுக்கியைப் போட்டுவிட்டு, கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

ஞாயிறன்று மச்சான் பொட்டலத்தைப் பிரித்தான். மீன்கொத்தி பளபளத்தது. உடம்பெல்லாம் இரும்பு கேட்டுக்கு அடிக்கிற நீலம். அலகில் ரத்தச் சிவப்பு.

"மங்கிப் போயிருந்துச்சு. அத்தானுக்குக் குடுக்கறத அப்படியேவா குடுக்கறது? நானே உக்காந்து கலர் அடிச்சேன்."

டாக்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரல பாரு" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

படங்கள் இருந்த அறையில் அதை நட்டநடுவே மாட்டிய மச்சான், சுற்றியிருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"இதெல்லாம்கூட வெளுத்துத்தான் போச்சு. பெயிண்ட் நெறைய மிச்சமிருக்கு அத்தான். அடுத்த வாரம் டப்பாவோட வந்துடறேன்."

மறுநாள் காலை, நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டு, டாக்டர் பூட்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.