அமிலத்துக்கு விடாத கனம்

ஓஹையோவில் இருந்த அந்தப் பட்டறையில் பெரிலியம் என்ற உலோகத்தைக் கடைந்து முடிப்பது பாதி வேலைதான். உளி பட்ட இடமெல்லாம் பளபளக்கும். அந்தப் பளபளப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடிக் கிடக்கும். அமிலத் தொட்டியில் முக்கி அந்த மேல்தோலைக் கரைத்தெடுத்தால்தான் உலோகம் தாங்கும். அமிலம் தின்பதற்கென்று கடைபவன் ஒரு மயிரிழைக் கனம் கூடுதலாக விட்டுவைக்க வேண்டும். கடைபவன் வெர்லின். தொட்டிக்குப் பொறுப்பு அவன் மனைவி ஆர்டித்; முக்கியெடுத்தாயிற்று என்று முத்திரை குத்துவதும் அவள்தான்.

செயற்கைக்கோளுக்குப் போகிற வளையத்தில் வெர்லின் அந்தக் கூடுதல் கனத்தை விட மறந்து தொலைத்தான். நேரே கடைசி அளவுக்கே வெட்டிவிட்டான். ஏற்கெனவே இரண்டைக் கெடுத்து வசவு வாங்கியிருந்தவன், சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இத முக்காத ஆர்டி. முக்குனா அளவு கொறஞ்சிடும், என் சீட்டு கிழிஞ்சிடும்."

"முக்கலன்னா உடையும்."

"இவ்ளோ மினுக்கா இருக்கு, எங்க உடையப்போவுது? தண்ணில அலசிட்டு உன் முத்திரையக் குத்திடு. நீயே கைவிட்டா நான் எங்க போவேன்?"

உடையும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் குத்தினாள். கட்டினவனாயிற்றே என்று மனசு இளகிவிட்டது, பாவி மனசு.

சோதனை மேடையில் திருகாணியை முறுக்கியதும் வளையம் சிதறியது. அளவெடுக்க உருப்படியாக ஒரு துண்டு மிஞ்சவில்லை. மேற்பார்வையாளர் கோவாச் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு இருவரையும் கூப்பிட்டார்.

"இதுல அமிலமே படல. முத்திரை உன்னோடது, ஆர்டித்."

அவள் புருஷனைப் பார்த்தாள். கோவாச் அவன் பக்கம் திரும்பினார்.

"நீ அமிலத்துக்குக் கனம் விட்டியா?"

"எப்பவும்போல விட்டுத்தான் குடுத்தேன்," என்றான் வெர்லின், ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி.

"பொய். விடவே இல்ல. முக்க வேணாம்னு கெஞ்சுனதே இவன்தான்," என்றாள் ஆர்டித்.

"அவன் கெஞ்சட்டும். குத்துனது யாரு?" என்றார் கோவாச்.

அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று.

வண்டி நிறுத்துமிடம் வரை வெர்லின் அவள் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ரெண்டு பேருக்கும் வேலை போனா என்ன ஆவறது, ஆர்டி? ஒருத்தராவது உள்ள இருக்கணும்ல."

"அந்த ஒருத்தர் யாருன்னு என்னைக் கேட்டியா?"

அவள் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவியக் குடு," என்றாள்.

"அப்ப நான் சாயங்காலம் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"வராத."