செகண்ட்ஸ்

"சின்னம்மா, உன்னைய எல்லாரும் செகண்ட்ஸ்ங்கறாங்களே, உனக்கு ஓட்டை எங்க இருக்குது?"

ஐந்து வயது ஞானாம்பாள் கேட்டாள். கமலாம்பாளுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை விழுந்த பனியனைத் தனியே எடுத்துப் போட வேண்டும். அதற்குச் செகண்ட்ஸ் என்று பெயர், பாதி விலை. அவள் ஈஸ்வரமூர்த்திக்கு இரண்டாந்தாரமாக வந்த வாரமே அந்தப் பெயரும் வந்துவிட்டது.

"ஏய் செகண்ட்ஸு, இந்தப் பீஸ் உன்ற சாதி, எடுத்துக்க" என்பார்கள் கூட இருக்கும் பெண்கள். கெட்டவர்கள் அல்ல. வேலைக்கு நடுவே சிரிக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

"வெளையாட்டுக்குச் சொல்றாங்க கண்ணு" என்றாள் கமலாம்பாள். இறந்துபோன மூத்தவளின் மகளான இவள் தன்னை ஒரு நாள் 'அம்மா' என்று அழைக்க வேண்டும் என்று சிவன்மலை முருகனிடம் வேண்டியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை அடுப்பிலிருந்த வெந்நீர்ப் போசியை எட்டி இழுத்துவிட்டாள். கமலாம்பாள் பாய்ந்து வெறுங்கையால் அதைத் தள்ளினாள். அப்படியும் குழந்தையின் தோள் வெந்துபோயிற்று.

"சூடு வெச்சுட்டாளாமா" என்று செய்தி மூத்தவளின் பிறந்த ஊரான சேவூர் வரை போயிற்று. மறுநாளே குழந்தையின் தாய்மாமன் சென்னியப்பன் வந்தான்.

"நாந்தானுங் மாமா இழுத்தேன்" என்றாள் குழந்தை.

"பாருங்க மாப்ள, எப்படிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறான்னு."

ஈஸ்வரமூர்த்தி தலையைத் தூக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டுங்க" என்றான். சின்னம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்த குழந்தையின் கையைச் சென்னியப்பன் விடுவித்துத் தூக்கிக்கொண்டு போனான்.

கமலாம்பாளின் கைகளைப் பார்த்தது பக்கத்து வீட்டுக் குல்சார் பேகம் ஒருத்திதான். மருந்து தடவினாள். கொப்புளம் ஆறும்வரை தெருக்குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவள் குடங்களையும் நிரப்பினாள்.

"ஏனக்கா, நாந்தான் வேணும்னே போசிய ஓரமா வெச்சிருப்பனோ? எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே அப்படித் தோணுது."

"வேணும்னு வெச்சவ குறுக்க கைய விடுவாளா? பேசாம இரு."

தைப்பூசத்தன்று சிவன்மலை அடிவாரத்தில் சென்னியப்பன் வீட்டாரைக் கமலாம்பாள் கண்டாள். ஓடிப்போய்க் குழந்தையின் முன் உட்கார்ந்தாள். ஞானாம்பாள் அவளை உற்றுப் பார்த்தாள்.

"நீதான எனக்குச் சூடு வெச்ச?"

கோபமில்லை, பயமுமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான். கமலாம்பாள் எழுந்து, மலை ஏறாமலே பஸ்ஸுக்கு நடந்தாள்.

மாசியில் குல்சாருக்குப் பிரசவமாயிற்று. பெண் குழந்தை. தாய் எழுந்து நடமாட வெகுநாளாயிற்று. விடியுமுன், மற்ற கதவுகள் திறப்பதற்குள், கமலாம்பாள் குழாய்க்குப் போய் குல்சார் வாசலில் இருந்த குடங்களை நிரப்பி வைத்துவிட்டு வந்துவிடுவாள். உதவிக்கு வந்திருந்த தன் தங்கைதான் நிரப்புகிறாள் என்று குல்சாரின் கணவன் ராஜா முகமது நினைத்தான்; தெருவோ அவனே நிரப்புகிறான் என்று நினைத்தது.

"பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்கற ஆம்பளய நான் கண்டதே இல்ல. ராஜா முகமது தங்கமான மனுசன்" என்றாள் செக்கிங் மேசையில் ஒருத்தி.

"நீயும் இருக்கறயே செகண்ட்ஸு, பக்கத்து ஊட்டுல" என்றாள் இன்னொருத்தி.

கமலாம்பாள் பனியனை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் அவள் இன்னும் சற்று முன்னதாகவே எழுந்தாள்.